காலிப்பரை மாற்றும் முன் ப்ளீடரைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1972-ஆம் ஆண்டுத் தயாரிப்பான டிரையம்ஃப் டிஆர்6 ஸ்போர்ட்ஸ் கார் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு முன், பேட் என்னும் உராய்வுக் கட்டைகளைச் சுழலும் டிஸ்க்கோடு அழுத்தும் முன்சக்கரக் காலிப்பர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, ரீகண்டிஷன் செய்த மாற்றுக் காலிப்பர்களைப் பொருத்தினேன். இப்போது 20 கிலோமீட்டர் ஓட்டினாலே இடது முன்சக்கரம் கொதிக்கிறது. பிரேக்கைத் தொடாதபோதும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. மெக்கானிக் மீண்டும் காலிப்பரை மாற்றச் சொல்கிறார். அலமாரியில் இருக்கும் பழைய காலிப்பர்களைக் கொடுத்தால் குறைந்த விலைக்கு இன்னொரு ஜோடி தருவதாக, முன்பு வாங்கிக்கொடுத்த தரகர் சொல்கிறார். பழையவை நாற்பது ஆண்டு ஓடின, மாற்று மூன்றே ஆண்டில் போய்விட்டது. நீண்ட நாள் உழைக்கும் மாற்றுக் காலிப்பர் எது?

பதில்: இடது காலிப்பர் பழுதாகிவிட்டது என்று உங்கள் மெக்கானிக் எதைப் பார்த்து முடிவு செய்தார் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. சக்கரம் சூடாகிறது, எனவே காலிப்பர் போய்விட்டது என்று சொல்லியிருப்பார் என நினைக்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் நல்ல காலிப்பர்கள் பல இந்த ஒரு வாக்கியத்தால்தான் கழற்றி எறியப்படுகின்றன. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதற்குக் கால் மணி நேரம் போதும்.

வண்டியை ஓட்டிவந்து, சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இடது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாது, அல்லது முக்கி முக்கிச் சுற்றும். பிறகு காலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்ற உதவும் ப்ளீடர் திருகில் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஒரு புட்டியில் விட்டு, திருகைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் சட்டென்று பீறிட்டு, அடுத்த கணமே சக்கரம் இலகுவாகச் சுழன்றால், காலிப்பர் குற்றமற்றது. அழுத்தம் திரும்பிப் போக வழியின்றி அங்கே அடைபட்டிருக்கிறது என்று பொருள். திருகைத் திறந்தும் சக்கரம் அசையவில்லை என்றால்தான் பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே இறுகிவிட்டது என்று சொல்ல முடியும். இரு முன்சக்கரங்களும் பிடித்தால், பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். உங்களுக்கு ஒரு சக்கரம் மட்டுமே பிடிப்பதால் அதைத் தொட வேண்டாம்.

அழுத்தத்தை அடைத்துவைப்பது பெரும்பாலும் காலிப்பருக்கு ஆயிலைக் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ்தான். வெளியே பார்த்தால் வெடிப்பு இல்லாமல் கருகருவென்று இருக்கும். உள்ளே ரப்பர் உப்பி, துளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். சில நேரங்களில் ஹோஸைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை துருப்பிடித்துத் தடித்து, அதுவே ஹோஸை நெரித்துவிடும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது காலின் பலம் முழுவதும் ஆயிலை அந்தச் சிறு துளை வழியே தள்ளிவிடுகிறது. காலை எடுத்த பிறகு அதைத் திருப்பியனுப்ப, பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒரு ரப்பர் வளையத்தின் நெகிழ்ச்சியைத் தவிர வேறு எந்த விசையும் இல்லை. ஆகவே போன ஆயில் திரும்புவதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் காலிப்பர்களை மாற்றியபோது ஹோஸையும் மாற்றினீர்களா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், அன்றைக்கே பழுது ஹோஸில் இருந்திருக்கலாம்.

இந்தச் சோதனை முடியும்வரை வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; 3.7 சதவீதம் நீரை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பிடித்துக்கொண்டே ஓடும் சக்கரம் அந்தச் சூட்டை எட்டுவது கடினமல்ல. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் எதிர்ப்பில்லாமல் தரைவரை போகும்.

காலிப்பரே குற்றவாளி என்று தெரியவந்தால், அதில் என்ன கெடுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. உங்கள் வண்டியில் இருப்பது கர்லிங் நிறுவனத்தின் வார்ப்பிரும்புக் காலிப்பர். அந்த வார்ப்பு எளிதில் தேய்வதும் இல்லை, களைப்பதும் இல்லை. கெடுபவை இரண்டு. ஒன்று, பிஸ்டனின் குரோம் முலாம்: பிஸ்டனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால், தூசி தடுக்கும் ரப்பர் உறை முடியும் இடத்தில் மிளகை அரைத்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் வளையமாகத் தெரியும், நகத்தால் வருடினால் ஒவ்வொன்றும் தட்டும். மற்றொன்று, சிலிண்டர் துளைக்குள் சீல் உட்கார்ந்திருக்கும் காடி. நான்கு பக்கமும் சதுரமான அந்த ரப்பர் வளையம், பிஸ்டன் வெளியே நகரும்போது மயிரிழை அளவு முறுக்கிக்கொண்டு, பெடலை விட்டதும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. காடியின் அடியில் துரு படிந்து தடித்தால் வளையத்துக்கு முறுக்க இடமின்றிப் போகிறது. அது பிஸ்டனைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்கிறது. மாற்றுக் காலிப்பரின் ஆயுள் இந்த இரண்டு இடங்களில்தான் முடிவாகிறது. பளபளக்கும் மஞ்சள் முலாமும், அழகான பெட்டியும், கையெழுத்திட்ட உத்தரவாத அட்டையும் இந்த இரண்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் மாற்று முறைமீது எனக்குள்ள கசப்பை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் கொடுப்பது உங்கள் வண்டியோடு பிறந்த வார்ப்பு. உங்களுக்குத் திரும்பி வருவது யாருடைய வண்டியிலோ, எங்கோ ஈரத்தில் பல ஆண்டுகள் கிடந்த வார்ப்பு. அதைச் சாண்ட் பிளாஸ்ட் செய்து, முலாம் பூசி, புது ரப்பரைப் போட்டு அனுப்புகிறார்கள். அப்படி எனக்கு வந்த ஒரு ஜோடியைப் பொருத்துமுன் பிரித்துப் பார்த்தேன். காடியின் மூலையில் ஒரு பித்தளைக் குச்சியை விட்டுச் சுரண்டியதும், பழைய துருவின் ஓடு அடை அடையாகப் பெயர்ந்தது. ஆயில் வரும் குறுக்குத் துளையில் பிளாஸ்ட்டிங் மணல் ஒரு சிட்டிகை இருந்தது. அனுப்பியவரைக் கேட்டபோது, பிரித்துப் பார்த்ததால் உத்தரவாதம் செல்லாது என்ற பதில்தான் வந்தது. பிரிக்காமல் தெரியாத பழுதுக்கு, பிரித்தால் செல்லாத உத்தரவாதம்! உங்கள் தரகர் விலையைக் குறைக்க முன்வருவதற்கும் இதுவே காரணம்: நல்ல பழைய வார்ப்புகள் அருகிவிட்டன, உங்கள் அலமாரியில் இருப்பதுதான் அவருக்குச் சரக்கு. கொடுக்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு என் விடையும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. அந்த ஜோடியின் காடிகளைச் சுத்தமாகச் சுரண்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிஸ்டன்களும் புதிய சீல்களும் தூசி உறைகளும் போட்டால், சந்தையில் கிடைக்கும் எந்த மாற்றையும்விட அது நீண்ட நாள் உழைக்கும். அவை நாற்பது ஆண்டு ஓடின என்று நீங்கள் சொல்வதில் எனக்குச் சிறு ஐயம் உண்டு. இடையில் எந்த உரிமையாளராவது ஒருமுறையேனும் பிரித்துச் சீல் மாற்றியிருப்பார், அது உங்கள் காதுக்கு வந்திருக்காது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. பிரித்துக் கோத்து மீண்டும் ஓடக்கூடியது என்பதே அந்த வார்ப்பின் சிறப்பு. பிஸ்டனைக் காற்றழுத்தத்தால் வெளியே எடுக்கும்போது எதிரில் ஒரு மரக்கட்டையை வைக்கச் சொல்லுங்கள், விரலை அல்ல. பாகங்களைப் பெட்ரோலில் கழுவவும், சீலுக்கு எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவவும் விடாதீர்கள். அந்த ரப்பர் அவற்றில் உப்பிவிடும், இன்று செய்த வேலை சில மாதங்களில் மீண்டும் வாசலில் வந்து நிற்கும். காலிப்பரின் இரு பாதிகளை இணைக்கும் பெரிய போல்ட்டுகளைக் கழற்றாமலேயே இவ்வளவையும் செய்யலாம். கழற்ற வேண்டாம் என்றுதான் அன்றைய பணிமனைக் கையேடுகளும் சொல்கின்றன.

எப்படியும் புதியதைத்தான் வாங்குவேன் என்றால், பெட்டியைப் பிரித்ததும் மரையைப் பாருங்கள். டிஆர்6-இன் உற்பத்திக் காலத்திலேயே அங்குல மரையுள்ள காலிப்பர்களும் மெட்ரிக் மரையுள்ளவையும் வந்துவிட்டன. எட்டில் மூன்று அங்குல மரை 9.5 மில்லிமீட்டர், மெட்ரிக் மரை 10 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 24 சுற்று, 25.4 சுற்று என்று சுற்றுகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் அங்குல மரைக் குழாய் மெட்ரிக் துளைக்குள் தடையின்றி இறங்கி, இறுக்கியதுபோலவும் தோன்றி, ஒரு நாள் அவசரமாக மிதிக்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். விற்பவர் இரண்டும் ஒன்றுதான் என்பார். அவர் அந்தக் காரில் வரப்போவதில்லை.

பொருத்திய பின் ப்ளீடர் திருகு மேல்பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டிவிட்டு, நாள் முழுவதும் ஏர் எடுத்தும் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறதே என்று மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்களை நான் அறிவேன். திருகு அடியில் இருந்தால் காற்று மேலேயே தங்கிவிடும்.

இன்னொரு வலையும் உண்டு. சிலிண்டர் துளைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை போட்டது என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். இது அமெரிக்க ஷெவர்லே கார்வெட்டிலிருந்து கிளம்பிய பேச்சு; அங்கே அது முற்றிலும் நியாயமானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1965 முதல் 1982 வரை கார்வெட்டின் நான்கு சக்கரங்களிலும் நான்கு பிஸ்டன் காலிப்பர்கள் இருந்தன, ஆக ஒரு வண்டிக்குப் பதினாறு பிஸ்டன்கள். அவற்றில் சீல் துளையில் நிலையாக உட்காரவில்லை. உதடுபோன்ற விளிம்புள்ள சீல் பிஸ்டன்மீதே பொருந்தி, பிஸ்டனோடு சேர்ந்து துளைச் சுவரில் உரசியபடி நகர்ந்தது. சுவரில் சிறு துருக்குழி விழுந்தாலும் ஒழுகியது. பிஸ்டனுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருந்ததால் பேட் எப்போதும் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருந்தது. டிஸ்க் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு ஆடினால்கூடப் பிஸ்டன் முன்னும் பின்னும் துடித்து, அந்த உதடு வழியே வெளிக்காற்றை உள்ளே இழுத்தது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தவர்கள், உள்ளே துருவேறி, எடுக்கும்போதெல்லாம் ஒழுகலைப் பார்த்தார்கள். அதற்கு மருந்தாகத்தான் துளைக்குள் ஸ்டெயின்லெஸ் உறை வந்தது, அது நல்ல மருந்தும்கூட. உறை போட்ட பிறகும் டிஸ்க்கின் ஆட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் காற்று புகுவது நிற்காது என்பதைக் கார்வெட் உரிமையாளர்களே மறந்துவிடுகிறார்கள். உங்கள் கர்லிங் காலிப்பரில் கதை தலைகீழ்: சீல் துளையில் அசையாமல் இருக்கிறது, பிஸ்டன்தான் அதன்மேல் வழுக்கிச் செல்கிறது. எனவே உங்களுக்கு ஸ்டெயின்லெஸ் தேவைப்படும் இடம் பிஸ்டன். துளைக்கு உறை என்று பணம் கேட்பவர் இந்த வேறுபாட்டை அறியாதவராக இருப்பார், அல்லது நன்றாகவே அறிந்தவராக இருப்பார்.

பந்தயத்துக்கான அலுமினியக் காலிப்பர்களைப் போட்டால் என்ன என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அவற்றில் பலவற்றுக்குத் தூசி உறையே கிடையாது; அடிக்கடி பிரித்துத் துடைக்கும் பந்தயக் குழுவுக்கு அது பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. பிஸ்டன் விட்டம் மாறினால் பெடலும் மாறும்: எடுத்துக்காட்டாக, 48 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 54 போட்டால் பரப்பு நான்கில் ஒரு பங்குக்குமேல் கூடி, அதே மாஸ்டர் சிலிண்டருக்குப் பெடல் நீளமாக இறங்கும்.

இவற்றையெல்லாம் வாங்குபவரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருப்பதுதான் என் ஆற்றாமை. ஐரோப்பிய நாடுகள் ஏற்றுள்ள ஆர்90 என்ற ஐ.நா. விதிமுறை, மாற்றாக விற்கப்படும் பேட், டிஸ்க், டிரம் ஆகியவற்றைச் சோதித்து முத்திரையிடச் சொல்கிறது. அந்தப் பேட்டை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும் காலிப்பரை அது தொடுவதே இல்லை. தேய்ந்து தீரும் பேட்டுக்கு முத்திரை, உயிரைத் தாங்கும் வார்ப்புக்கு விற்பவரின் வாய்ச்சொல்!

ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுங்கள். வண்டியை ஓட்டாத மாதங்களிலும் சில வாரங்களுக்கு ஒருமுறை எடுத்து, சில முறையாவது நன்றாக மிதித்து நிறுத்துங்கள். அசையாத பிஸ்டனில்தான் துரு குடியேறுகிறது. சிலிக்கோன் பிரேக் ஆயில் ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், வேண்டாம்.

முதலில் ப்ளீடரைத் திறந்து பாருங்கள். ஹோஸ்தான் என்று தெரிந்தால் இரு முன் ஹோஸ்களையும் மாற்றிவிட்டு, இப்போதுள்ள காலிப்பர்களை ஓடும்வரை ஓடவிடுங்கள். பிஸ்டன்தான் என்றால் அலமாரியில் இருக்கும் ஜோடியைப் பிரித்து, நான்கு காடிகளின் அடிப்பகுதியும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். எந்தத் துளை தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்கிறேன்.