இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் செய்த ஜெர்மன் பி38 கைத்துப்பாக்கியை எப்படி அடையாளம் காண்பது?

கரடுமுரடாக இருந்தாலே 1945இல் செய்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் ஸ்லைடின் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதி) இடப்பக்கத்தில் உள்ள ஆலைக் குறியீட்டைப் படியுங்கள்.

‘ஏசி’ என்றால் வால்தர் நிறுவனம். கூடவே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். ‘ஏசி 45’ கடைசி ஆண்டுத் தயாரிப்பு. மவுசர் நிறுவனம் முதலில் ‘பிஒய்எஃப்’ என்று பொறித்தது, 1945இல் ‘எஸ்விடபிள்யூ’ என்று மாற்றியது. ஆனால் ‘எஸ்விடபிள்யூ 45’இல் ஐந்துமுனை நட்சத்திரம் தெரிந்தால், அது மவுசரின் ஓபர்ன்டார்ஃப் ஆலையைப் பிரெஞ்சுப் படை பிடித்த பிறகு அவர்களுக்காகச் செய்தது. பலர் தவறுவது இங்கேதான்.

பி38 செய்த மூன்றாவது நிறுவனமான ஸ்ப்ரீவெர்க்கின் குறி ‘சிஒய்க்யூ’. இதில் ஆண்டே இருக்காது, வரிசை எண்ணைத்தான் நம்ப வேண்டும். கடைசிக் காலத்தில் அச்சு சிதைந்து, ‘ஒய்’யின் வால் போய் ‘வி’ போலத் தெரியும். அது வேறு ஆலை இல்லை. இந்த ஆலையின் துப்பாக்கிகளில் வெளிப்புறம் முழுக்க வெட்டுக்கருவி விட்ட கோடுகள் ஓடும். மெருகேற்ற நேரமில்லை, வேலை செய்தால் போதும் என்ற நிலை. தயவுசெய்து அந்தக் கோடுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். அந்தத் துப்பாக்கியின் வரலாறே அதுதான்.

அப்புறம் பூச்சு. மவுசரின் கடைசித் துப்பாக்கிகளில் நீலப் பூச்சுக்குப் பதில் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு வரும். ஒரே துப்பாக்கியில் இரண்டு நிறமும் கலந்திருப்பதும் உண்டு. அதை வைத்து மட்டும் போலி என்று ஒதுக்க வேண்டாம்.

அதே காலத்து இன்னொரு ஜெர்மன் கைத்துப்பாக்கியான சாவர் 38எச் என்றால் இன்னும் எளிது: கடைசியில் வந்தவற்றில் ஸ்லைடில் இருந்த பாதுகாப்பு நெம்புகோலையே விட்டுவிட்டார்கள்.