மதுரையில் கோட்டையைத் தேடி ஒரு நடை

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டி இருக்கிறது. பல்லாண்டுகளாக இங்கே வசிப்பவர்களும் ஊரின் பழமையை அறிந்திருக்கவில்லை. வழிகாட்டியின் துணையின்றி அவரவரே நடந்து பார்க்க ஒரு வழித்தாள் அச்சிட விரும்புகிறோம். மீனாட்சியம்மன் கோயில் தொடங்கி எல்லா இடங்களையும் அதில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டிய அவசரம் வெளியூர்ப் பயணிக்கு உரியது. நாள்தோறும் அதே வீதியில் காய்கறி வாங்கப் போகிறவருக்கு ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடரும் நடைதான் பயன் தரும். கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை, தரிசன வரிசைக்கு ஆகும் நேரத்தையும் கணிக்க முடியாது. ஆகவே கோயிலைத் தனி நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் பகுதிக்கு, 'இங்கிருந்த கோட்டை எங்கே போயிற்று?' என்பதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் கொத்தளத்தில் (கோட்டை மதிலின் காவல் மேடை) நடையைத் தொடங்கலாம். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் மதில்கள் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, ஊர் வெளிப்புறமாக விரிந்தது. வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அந்த மாற்றத்தில் உருவானவை. மாரட்டும் பெருமாளும் அப்பணியில் ஈடுபட்டவர்கள் என்பதை அங்கே கடை வைத்திருப்பவர்களிலேயே பலர் அறியார். இந்த வீதிகளைக் கடந்து தெற்கு மாசி வீதி வழியாகக் கிழக்கே நடந்தால், அதே பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூணை அடையலாம். மதிலை இடித்தவருக்கு ஊரார் நினைவுச் சின்னம் வைத்தது ஏன் என்று வழித்தாளில் கேட்டுவிட்டு, விடையைப் பின்பக்கத்தில் அச்சிடுங்கள்: நெரிசலில் திணறிய ஊருக்குப் புதிய மனையிடம் கிடைத்தது. அங்கிருந்து, பழைய அரண்மனையின் தூண்கள் எஞ்சி நிற்கும் பத்துத்தூண் சந்தும் திருமலை நாயக்கர் மகாலும் அருகிலேயே இருக்கின்றன. மகாலிலும் இன்று எஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான் என்பதால், அழிந்ததைத் தேடும் நடை அங்கே முடிவது பொருத்தமாக இருக்கும்.

மொத்தத் தொலைவு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். காலை ஏழரை மணிவாக்கில் புறப்பட்டால் துணிக்கடைகளின் கூட்டம் சேருமுன் மாடி முகப்புகளை நின்று பார்க்கலாம். மகால் திறக்கும் நேரத்துக்கு அங்கே சேர்ந்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூண் பக்கம் நடக்கவே இயலாது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வழி சொல்லும்போது கடைப் பெயர்களை நம்பாதீர்கள், அவை மாறிவிடும். வீதிச் சந்திப்புகளையும் கோயில்களையும் குறியுங்கள். குடும்பங்கள் வசிக்கும் பழைய வீடுகளை, உரியவர் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது. முதியோர் உட்காரக்கூடிய இடம், கழிப்பறை, தேநீர்க்கடை ஆகியவற்றையும் காட்டுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்குமுன், அந்த வீதிகளை அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் நடந்து செல்லுங்கள். அவர் எங்கெல்லாம் தயங்கி நிற்கிறாரோ, அங்கெல்லாம் வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.