கட்டுப்பாட்டுப் பொறியியலில் பேராசிரியராக விரும்புபவர் தொழிற்சாலையில் செலவிடும் ஆண்டுகள் வீணா?

வீணல்ல. இயந்திரங்களும் ஆலைகளும் தாமாகவே குறித்த அளவில் இயங்கச் செய்யும் இத்துறையில் அவைதான் ஆராய்ச்சிக்கான கேள்விகளையே தருகின்றன. சுவீடனின் கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோம் நல்ல சான்று. 1960இல் முனைவர் பட்டம் பெற்றவர், அடுத்து ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்து காகித ஆலையைக் கணினியால் கட்டுப்படுத்தும் வேலையில் இறங்கினார். தாளின் ஈரப்பதம், எடை ஆகியவற்றின் ஏற்ற இறக்கம் குறைந்தால், இலக்கு அளவை அனுமதி வரம்புக்கு நெருக்கமாக வைக்கலாம், அதுவே பணம். ஏற்ற இறக்கத்தை மிகக் குறைவாக்கும் கட்டுப்பாட்டுக் கோட்பாடு அந்த ஆலையில்தான் உருவானது. 1965இல் சுவீடனின் லுண்ட் நகரில் பேராசிரியரானார்.

ஆலைகளில் பரவலாக உள்ள தானியங்கிக் கட்டுப்படுத்தியான பிஐடியைச் சரிசெய்ய, 1984இல் சக ஆய்வாளர் ஹேக்லுண்டுடன் அவர் வெளியிட்ட ரிலே முறையிலும் அதே ஆலை அறிவு தெரிகிறது. பழைய முறையில், அமைப்பு அலையத் தொடங்கும்வரை பெருக்கத்தை, அதாவது பிழைக்குக் கட்டுப்படுத்தி எவ்வளவு பலமாக எதிர்வினையாற்றுகிறது என்பதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கை சற்றுத் தவறினால் அலைவு எல்லை மீறிவிடும். பிஐடி இருக்குமிடத்தில் தற்காலிகமாக ரிலேயை, அதாவது இரண்டு நிலைகளுக்கு இடையே மட்டும் மாறும் சுவிட்சைப் போட்டால் அலைவு தானாகவே கட்டுக்குள் நிற்கும். ரிலே வீச்சு 5%, வெளியீட்டு அலைவீச்சு 2% என்றால், அமைப்பு ஓயாமல் அலையும் பெருக்கமான எல்லைப் பெருக்கம் 4×5/(3.14×2), அதாவது சுமார் 3.2. ஒரு அலைவுக்கு ஆகும் நேரமே எல்லைக் காலம். இந்த இரண்டு எண்களே பிஐடியைச் சரிசெய்யப் போதும். உணரியில் இரைச்சல் இருந்தால் ரிலே காரணமின்றிப் படபடக்கும். அதனால் இரைச்சலைவிடச் சற்றுப் பெரிய ஹிஸ்டெரிசிஸ், அதாவது அந்த அளவைத் தாண்டினால்தான் ரிலே மாறும் என்ற இடைவெளி, வைக்க வேண்டும்.

தொழிற்சாலைக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று: முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட நிறுவனம் அனுமதிக்குமா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் பெறுங்கள். அது இல்லாவிட்டால், பணித்தேர்வுக் குழுவிடம் காட்ட எதுவும் கையில் இருக்காது.