ஐந்து வயதுப் பிள்ளையை முகமூடி போட்ட பொம்மை நாடகத்துக்கு அழைத்துப் போகலாமா? பயந்துவிடாதா?

தாராளமாக அழைத்துப் போங்கள். பயப்படத்தான் செய்யும். ஆனால் நீங்கள் நினைத்து வைத்திருக்கிற இடத்தில் பயப்படாது. என் மகளின் கதையைச் சொல்கிறேன்; அவளுக்கு அப்போது ஐந்தரை வயது.

பாம்பனில் என் அம்மா வீடு. மே மாதம் போயிருந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். பள்ளிக்கூடமும் இல்லை. ஆக, ஊரே மாலையானால் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் சமயம். அந்த நேரம் பார்த்து வெளியூர்க் குழு ஒன்று வந்து பள்ளி மைதானத்தில் பினோக்கியோ நாடகம் போட்டது. டிக்கெட் கிடையாது. முடிவில் துண்டை ஏந்தி வந்தார்கள், இருப்பதைப் போட்டோம்.

கதை தெரியாதவர்களுக்கு: இத்தாலியில் கார்லோ கொலோதி என்பவர் 1881இல் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக எழுதத் தொடங்கியது, 1883இல் புத்தகமானது. ஏழைக் கிழவர் ஜெப்பெத்தோ ஒரு மரத்துண்டைச் செதுக்கிப் பொம்மை செய்கிறார். அது பேசுகிறது, ஓடுகிறது, பொய் சொன்னால் மூக்கு நீளுகிறது. கொலோதி 15ஆம் அத்தியாயத்திலேயே பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை, அதனால் மறுபடி எழுதினார். குழந்தைகள் கதை என்று நாம் சொல்லிக்கொள்வதன் லட்சணம் இது.

முகமூடி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குழு செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மனிதர்கள் எல்லோருக்கும் காகிதக்கூழ் முகமூடி. மரப்பொம்மைக்கு மட்டும்தான் திறந்த முகம். கிழவருக்கு, நரிக்கு, பூனைக்கு, எல்லோருக்கும் வாய் அசையாத, கண் இமைக்காத முகங்கள். நடுவில் இரண்டரை அடிப் பொம்மை ஒன்றுதான் நம்மைப் போல இருக்கிறது. முதல் பத்து நிமிடம் கழித்து எந்த முகம் மரம், எந்த முகம் மனிதர் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

அசையாத முகம் எப்படி அழுகிறது, சிரிக்கிறது என்று கேட்பீர்கள். தலை கொஞ்சம் குனிந்தால் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து முகம் வாடிப்போகிறது. நிமிர்ந்தால் வெளிச்சம் கன்னத்தில் ஏறிச் சிரிப்பாகிவிடுகிறது. ஜப்பானில் நோ நாடகத்துக்கு முகமூடி செதுக்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்தே செதுக்குவார்கள். இங்கே மேலே இரண்டு விளக்குகள் மட்டும். அதில் ஒன்று அவ்வப்போது அணைந்து எரிந்தது. அந்த நேரங்களில் கிழவரின் முகம் ஓரவஞ்சனை செய்வதுபோல் ஆகிவிட்டதையும் சொல்ல வேண்டும்.

நம் பொம்மலாட்டக்காரர்கள் தலையில் இரும்பு வளையம் மாட்டி, அதில் பொம்மையின் நூல்களைக் கட்டியிருப்பார்கள். அவர் தலையாட்டினால் பொம்மையும் ஆடும். இவர்களிடம் நூலே இல்லை. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் பொம்மையின் முதுகில் கைவைத்துத் தலையையும் வலக்கையையும் ஆட்டினாள், இன்னொரு பையன் கால்களை. எல்லாம் கண் முன்னே, மறைவில்லாமல். உள்ளே நாணம் இல்லாதவன் நடமாடுவது மரப்பாவை நாணால் உயிர் உள்ளதுபோல் மயக்குவதைப் போன்றது என்று வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் சொல்கிறார். அவரை இந்தப் பொம்மைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தால், நாணே இல்லாமல் மயக்குகிறார்களே என்று இன்னொரு குறள் எழுதியிருப்பாரோ என்னவோ.

மகள் பயந்தது, கதையில் பொம்மை நாடகக் கூடம் நடத்துகிறவன் வந்தபோது. புத்தகத்திலும் அவன் தாடி தரையைத் தொடும். இவர்கள் கறுத்த வலைத்துண்டுகளைப் பிரித்துத் தாடி செய்திருந்தார்கள். முகமூடியோ முறத்தளவு. அவள் என் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனால் அந்த அசுரனுக்கு இரக்கம் வந்தால் அழுகை வராது, தும்மல் வரும். இது கொலோதியின் குறும்பு. முகமூடிக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது பாருங்கள், மைதானமே அதிர்ந்தது. இரண்டாவது தும்மலுக்கு இவள் தோளிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாவதுக்கு அவளே தும்மிக் காட்டினாள். பயம் அத்தோடு சரி.

மூக்கு நீளும் கட்டத்தில் ரகசியத்தைப் பையன்கள் உடைத்துவிட்டார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் தூண்டில் கம்பை வைத்திருந்தார்கள். பாம்பன் பிள்ளைகளிடம் அது நடக்குமா? "தூண்டில் கம்பு! தூண்டில் கம்பு!" என்று ஒரே கூச்சல். அப்படியும் மூக்கு நீளும்போது சிரித்தார்கள்.

பிறகு, கிழவரையும் பொம்மையையும் விழுங்கிவிடும் மீன். முன்வரிசைப் பிள்ளைகள் தலைக்கு மேலே நீலத் தார்ப்பாயை இழுத்து, அதன்மேல் பழைய வலையைப் போட்டு, 'நீங்கள் இப்போது வயிற்றுக்குள் இருக்கிறீர்கள்' என்றார்கள். கச்சான் காற்று தார்ப்பாயை உப்ப வைத்து உப்ப வைத்து விட்டது. எந்தச் செலவும் இல்லாமல் வயிறு மூச்சு வாங்கியது. ஒலிபெருக்கியில் 'மாபெரும் திமிங்கலம்' என்று அறிவித்தார்கள். நாற்பது வருடம் கடலுக்குப் போன என் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "செவுள் கீற்று வரைந்திருக்கிறார்கள், வால் நெட்டாக நிற்கிறது. இது சுறா, அம்மா. திமிங்கலத்துக்கு ஏது செவுள்?" என்றார். அவர் புத்தகத்தைப் படித்ததில்லை. ஆனால் கொலோதி எழுதியதும் சுறாவைத்தான். 1940இல் வந்த அமெரிக்கக் கார்ட்டூன் படம்தான் அதைத் திமிங்கலமாக்கியது. இங்கே மீனை வரைந்தவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது, அறிவித்தவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சுறாவுக்கு இளைப்பு நோய். வாயைத் திறந்து வைத்துத்தான் தூங்க முடியும். அதனால்தான் அப்பனும் பிள்ளையும் தப்பிக்கிறார்கள். ஆர்மோனியத்தின் கட்டையைத் தொடாமல் துருத்தியை மட்டும் இழுத்து அந்த மூச்சை வரவழைத்தார்கள். அப்பாவுக்கும் இளைப்பு உண்டு. "என் சீக்குதான் அதற்கும்" என்று சொல்லிச் சிரித்ததில் அவருக்கே இருமல் வந்துவிட்டது.

எனக்கு ஒரு வருத்தம். புத்தகத்தில் அவர்களை முதுகில் ஏற்றிக் கரைசேர்ப்பது ஒரு சூரை மீன். அதை வெட்டிவிட்டார்கள். பாம்பனில் வந்து சூரையை வெட்டலாமா! பதிவு செய்து ஒலிக்கவிட்ட வசனமும் பழைய மேடைப் பேச்சுப்போல இருந்தது, பாதி குறைத்திருக்கலாம். தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் அடிக்கிற கூத்து, ராமர் பேசுவதைவிட அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைகளுக்கு வேண்டியது அதுதான்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் மகள் அழுதது கடைசியில். பொம்மை நிஜப் பையனாகிவிட்டது, எல்லோரும் கைதட்டுகிறோம். பையனாக வந்தவன் முகமூடி இல்லாமல் சிரிக்கிறான். மேடை ஓரம் நாற்காலியில் பழைய மரப்பொம்மை தலை சாய்ந்து, கை தொங்கிக் கிடக்கிறது. புத்தகத்திலும் அப்படித்தான். இவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள்?" என்று கேட்டாள். அப்புறம் அழுகை நிற்கவே இல்லை.

மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனேன். பிளாஸ்டிக் மீன் பெட்டியில் பொம்மையை லுங்கியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். இவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, மூக்கு எங்கே என்றாள்.

"மூக்கைக் கழற்றினால்தான் பெட்டி மூடும்."

"மறுபடி மாட்டுவீர்களா அக்கா?"

"நாளைக்குத் தொண்டியில் மாட்டுவோம்."

அழுகை நின்றது. ஆகவே நீங்கள் போகும்போது, முடிந்ததும் கிளம்பிவிடாமல் கால் மணி நேரம் இருங்கள். முகமூடியையும் பொம்மையையும் கையால் தொட்டுப் பார்க்க விடச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஓரத்து இடமாகப் பார்த்து உட்காருங்கள், தூக்கிக்கொண்டு வெளியே வர வசதி.

ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் தொண்டி என்று எழுதிய பஸ்ஸைப் பார்த்தால் இவள் இன்றும் என் கையை இழுத்து, பினோக்கியோ ஊர் பஸ் என்கிறாள்.