சீசருக்கே சவாலாக இருந்த பாம்ப்பி எப்படி வீழ்ந்தார்?

ரோமானியத் தளபதி பாம்ப்பியை, சீசரின் எதிரி என்ற அளவிலேயே பலருக்குத் தெரியும். அது அவருக்குச் செய்யும் அநியாயம். 23 வயதில், எந்தப் பதவியும் இல்லாமல், சொந்த ஊர்ப்பக்கத்தில் ஆள் திரட்டிப் படை அமைத்தவர் அவர். கி.மு. 67இல் மத்தியதரைக் கடலையே முடக்கிய கொள்ளையரை மூன்றே மாதங்களில் ஒடுக்கினார். பிடிபட்ட பலரைக் கொல்லாமல் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய சாதனை இதுதான்.

சரி, சறுக்கல் எங்கே? சீசரின் மகள் ஜூலியாதான் அவர் மனைவி. கி.மு. 54இல் பிரசவத்தில் அவள் இறந்ததும் மாமனார், மருமகன் உறவு தளர்ந்தது. கடைசியில் இருவருக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. கி.மு. 48இல் கிரேக்கத்தில் நடந்த பார்சலஸ் போரில் பாம்ப்பியிடம்தான் ஆள்பலம் அதிகம். குதிரைப்படை மட்டும் சுமார் 7,000. ஆனால் சீசர் மறைத்து நிறுத்தியிருந்த காலாட்படை அந்தக் குதிரைப்படையைச் சிதறடித்தது. அதைப் பார்த்ததுமே பாம்ப்பி மனம் உடைந்து கூடாரத்துக்குத் திரும்பிவிட்டார்.

அப்புறம் எகிப்துக்கு ஓடினார். கரைக்கு அழைத்துப்போக வந்தது ஒரு சின்னப் படகு. அதில் செப்டிமியஸ் இருந்தான், ஒருகாலத்தில் இவருக்குக் கீழே பணியாற்றியவன். இளவயது மன்னனிடம் பேசவேண்டியதைச் சுருளில் படித்தபடி வந்தார் பாம்ப்பி. கரையில் கால் வைக்க எழுந்தபோது முதுகில் குத்தியவன் அந்தச் செப்டிமியஸ்தான். கப்பலில் நின்ற மனைவி கொர்னீலியா அதைக் கண்ணால் பார்த்தாள். மறுநாள் அவருக்குப் பிறந்தநாள். தலை வெட்டி எடுக்கப்பட்ட உடலை, பழைய மீன்பிடிப் படகின் பலகைகளை அடுக்கி எரித்தவர் அவர் விடுவித்த அடிமை பிலிப்.