நார்தம்பர்லாண்டில் பிள்ளைகளுடன்: கேள்வி பதில்

வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாண்ட் கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) குடும்பத்துடன் போக நினைப்பவர்கள் கேட்டவையும், அந்தப் பகுதியை நன்கறிந்தவனாக நான் சொல்லும் பதில்களும்.

கேள்வி: ரோமானியர் எழுப்பிய ஹாட்ரியன் சுவர், பாம்பரோ கோட்டை, லிண்டிஸ்ஃபார்ன் தீவு மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

வேண்டாம். சுவரின் அழகான பகுதி தென்மேற்கில் இருக்கிறது. மற்ற இரண்டும் வடகிழக்குக் கடலோரம். பாதி நாள் காரிலேயே கழிந்துவிடும். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும்.

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு வரலாறு என்றாலே சலிப்பு. எங்கே தொடங்கலாம்?

விண்டோலாண்டாவில். கி.பி. 122இல் சுவர் எழுப்பத் தொடங்குவதற்கு முன்பே அங்கே ரோமானியப் படைமுகாம் இருந்தது. ஈரம் நிறைந்த, காற்றுப் புகாத மண் என்பதால் மரமும் தோலும்கூட மக்காமல் கிடைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான காலணிகள்! குழந்தைகள் அணிந்தவையும் உண்டு. தன் கால் அளவுக்கு ஒன்றை அருங்காட்சியகத்தில் தேடச் சொல்லுங்கள்.

போவதற்கு முந்தைய இரவு ஒரு கடிதத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 1973 முதல் அங்கே மையால் எழுதிய மெல்லிய மர ஏடுகள் கிடைத்து வருகின்றன. அவற்றில் ஒன்றில், கிளாடியா செவெரா என்பவர் செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு வரும்படி தோழி லெபிடினாவை அழைக்கிறார். கி.பி. 100ஐ ஒட்டிய காலம். கடிதத்தை எழுதியவர் வேறொருவர். கடைசி வரிகள் மட்டும் செவெராவின் கையெழுத்து. பிறந்தநாள் அழைப்பு எந்தப் பிள்ளைக்குத்தான் புரியாது?

நேரம் மீதமிருந்தால் அருகிலுள்ள ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குப் போங்கள். படைவீரர்கள் வரிசையாக அமர்ந்த கழிப்பிடம், அதைக் கழுவிச் சென்ற நீர்க்கால்வாய் எல்லாம் அப்படியே தெரிகின்றன. பிள்ளைகள் மறக்காத இடம் அதுதான். மேடேறிப் போக வேண்டும் என்பதால் குழந்தை வண்டி உதவாது.

கேள்வி: லிண்டிஸ்ஃபார்னுக்குப் போகும் சாலையைக் கடல் மூடிவிடுமாமே?

ஆம், நாளுக்கு இரண்டு முறை. பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களைக் கவுண்டி நிர்வாகம் வெளியிடுகிறது. அதைப் பார்த்த பிறகே புறப்படும் நாளை முடிவு செய்யுங்கள். நேரம் முடியும் தறுவாயில் "போய்விடலாம்" என்று காரை இறக்கவே கூடாது. அப்படிச் சிக்கியவர்களை மீட்புப் படகு வந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 635இல் அய்டன் என்ற துறவி மடம் நிறுவிய தீவு இது. 793இல் வைக்கிங்குகள் சூறையாடினார்கள். பிற்காலத்தில் அங்கே எழுந்த மடத்தின் இடிபாடுகளுக்கிடையே அவசரமின்றி நடக்க நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: பஃபின் பறவைகளை எப்போது பார்க்கலாம்?

மே முதல் ஜூலை நடுப்பகுதி வரை. சீஹவுசஸ் துறைமுகத்திலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு போகிறது. குஞ்சுகளைக் காக்கும் ஆலா என்ற கடற்பறவைகள் தலையில் கொத்தும்; எல்லாருக்கும் தொப்பி அவசியம்.

கேள்வி: இருண்ட வானத்துக்குப் பேர்போன கீல்டர் காட்டுப் பகுதியில் ஜூனில் நட்சத்திரம் பார்க்கலாமா?

ஜூனில் அங்கே இரவு முழுமையாக இருட்டுவதே இல்லை. அக்டோபர் பள்ளி விடுமுறை நல்லது. சீக்கிரம் இருட்டும், பிள்ளைகளும் விழித்திருப்பார்கள்.

கேள்வி: செலவில்லாமல் ஒரு நாள்?

பாம்பரோ கடற்கரை. கோட்டைக்குள் போகாவிட்டாலும் அதன் அடிவாரத்து மணலில் நாள் முழுவதும் விளையாடலாம். ஊருக்குள் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகம் இருக்கிறது. 1838இல் கப்பல் உடைந்து தவித்தவர்களை மீட்க, கலங்கரை விளக்கக் காவலரான தந்தையுடன் புயலில் துடுப்புப் போட்ட 22 வயதுப் பெண் அவர். முதலில் அந்தக் கதை, பிறகு கடல்.

கேள்வி: நாயை அழைத்து வரலாமா?

வயல்வழிப் பாதைகளில் வரலாம். ஆடுகள் மேயும் இடத்தில் கயிற்றை விடாதீர்கள், குட்டி ஈனும் வசந்தத்தில் கூடுதல் கவனம். நீங்கள் திறந்த வேலிக்கதவை மூடிவிட்டு வாருங்கள்.