ஆரஞ்சுப் பொடி போட்டா ஆறு பச்சையாகும்

கேள்வி: சிகாகோ பக்கம் இருக்கேன் சார். மார்ச் 17, ஐரிஷ்காரங்க பண்டிகை செயின்ட் பேட்ரிக்ஸ் டேக்கு ஆபீஸ்ல எல்லாரும் பச்சைச் சட்டை போட்டு வரணும்னு மெயில் வருது. மே 5க்கு மெக்சிகோக்காரங்களோட சிங்கோ டே மாயோ பார்ட்டி, அதுல பெரிய தொப்பி, ஒட்டு மீசை எல்லாம் உண்டு. கூட வேலை பாக்குற பொண்ணு இது அடுத்தவன் கல்ச்சரைத் திருடுறதுன்னு சண்டைக்கு வர்றா. அடுத்தவங்க பண்டிகைய கொண்டாட நமக்கு என்ன சார் உரிமை? (பெயர் வேண்டாம், நேப்பர்வில்)

பதில்: பச்சைச் சட்டைன்னு எழுதினீங்க பாருங்க, நான் அங்கயே நின்னுட்டேன். உரிமை கிரிமை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

சிகாகோவுல இருந்துக்கிட்டு சட்டையப் பத்தி கேக்குறீங்களே, அந்த ஊர்ல செயின்ட் பேட்ரிக்ஸ் டேக்கு ஒரு ஆத்தையே பச்சையாக்குறாங்க சார். 1962ல ஆரம்பிச்சது. செய்யுறது யாரு? பிளம்பருங்க. பிளம்பர் யூனியன், லோக்கல் 130. எந்தக் கட்டடத்துக்காரன் கழிவை நேரா ஆத்துல விடுறான்னு கண்டுபிடிக்க அந்தக் காலத்துல குழாய்க்குள்ள சாயத்தை ஊத்தி விட்டு எங்க வெளிய வருதுன்னு பாப்பாங்களாம். அந்த வேலைய முடிச்சுட்டு ஒரு ஆளு டிரஸ் பூரா பச்சைக் கறையோட வந்து நிக்க, யூனியன் பொறுப்புல இருந்தவருக்கு பொறி தட்டிடுச்சு, ஆத்துலயே கொட்டினா என்னன்னு. மேயர் ரிச்சர்ட் டேலி ஐரிஷ் வம்சம், வேணாம்னு சொல்லுவாரா? முதல் வருஷம் அளவு தெரியாம 100 பவுண்டு கொட்டிட்டாங்க, ஒரு வாரம் ஆறு பச்சையாவே கிடந்துச்சு.

ஆத்துக்குச் சாயம் பூசுற அளவுக்கு டைம் இருக்குற பிளம்பருங்க வாழ்ற ஊரு! இங்க எங்க ஆபீஸ் மாடி பாத்ரூம்ல குழாய் ஒழுகுது, வாஷர் மாத்தணும் சார், இதோ கடைக்குப் போய் வாங்கிட்டு வரேன்னு போன மனுசன் இன்னும் கடையிலயே நிக்கிறார். பக்கெட் வச்சிருக்கோம். அந்தச் சொட்டுச் சத்தத்துல உக்காந்துதான் உங்களுக்கு பதில் எழுதுறேன். யூனியன்னாலே கொடி புடிக்கவும் கதவடைக்கவும்தான்னு வாரா வாரம் தலையங்கம் எழுதுற நம்ம போட்டிப் பத்திரிகை ஆசிரியர் (பேரு போட மாட்டேன், போட்டா அவருக்கு சர்க்குலேஷன் ஏறிடும்) சிகாகோவுக்கு டிக்கெட் போட்டு ஒரு தடவை பாத்துட்டு வரட்டும்.

இதுல முக்கியமான விஷயம் அந்தப் பொடி. படகுல நின்னுக்கிட்டு மாவு சலிக்கிற சல்லடையில போட்டுத் தூவுவாங்க, பின்னாடி இன்னொரு சின்னப் படகு தண்ணியக் கலக்கிக்கிட்டே வரும். பொடியோட கலர் ஆரஞ்சு! தண்ணியில பட்டதும்தான் பச்சை. ஐரிஷ் அரசியல் தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய ஜோக்கு. பச்சை கத்தோலிக்க தேசியவாதிங்க கலர், ஆரஞ்சு, பழைய இங்கிலாந்து ராஜா வில்லியம் பேரைச் சொல்லி ஜூலை 12க்கு ஊர்வலம் போற புராட்டஸ்டன்ட் கோஷ்டியோட கலர். ரெண்டையும் ஒண்ணா உக்கார வைக்க வட அயர்லாந்து பெல்ஃபாஸ்ட்ல முப்பது வருஷ ரத்தம் ஓடி 1998ல ஒப்பந்தம் போட வேண்டியிருந்துச்சு. சிகாகோ பிளம்பர் சல்லடையத் தட்டியே முடிச்சுட்டான்.

சரி, அந்தப் பொண்ணு கிட்ட வரேன். திருட்டுன்னா சொத்துக்கு ஒரு ஒரிஜினல் ஓனர் வேணும்ல? இந்த 'ஒரிஜினல்'ங்குறதோட எனக்கு இருக்குற பகை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்களுக்குத் தெரியும். பேட்ரிக்கே ஐரிஷ்காரர் இல்ல. ரோமானியர் கையில இருந்த பிரிட்டன்ல பொறந்த பையன், பதினாறு வயசுல ஐரிஷ் கொள்ளைக்காரங்க தூக்கிட்டுப் போய் ஆறு வருஷம் ஆடு மேய்க்க விட்டாங்க, தப்பிச்சு வீட்டுக்குப் போனவர் பிற்பாடு பாதிரியா அதே ஊருக்குத் திரும்பி வந்தார். அவருக்குன்னு இருந்த கலர் நீலம். நியூயார்க்ல ஊர்வலம் 1762ல தொடங்குச்சு, அதாவது அமெரிக்கான்னு ஒரு நாடு வர்றதுக்கு முன்னாடியே. டப்ளின்ல அரசாங்கமே நடத்துற ஊர்வலம் வந்தது 1931ல. குடிதான ஐரிஷ் பண்டிகைன்னு நினைப்பீங்க, அயர்லாந்துல 1920கள்ல இருந்து 1960 வாக்குல வரைக்கும் அன்னைக்கு பப்பை மூடணும்னு சட்டம், டப்ளின்ல நடக்குற நாய் கண்காட்சில மட்டும் சரக்கு கிடைக்கும், அதனால அன்னைக்கு மட்டும் ஊருக்கே நாய் மேல பாசம் பொங்கும். அமெரிக்காவுல 'பாரம்பரிய ஐரிஷ் சாப்பாடு'ன்னு திங்கிற உப்புக்கண்ட மாட்டுக்கறியும் முட்டைக்கோஸும் இருக்கே, நியூயார்க்ல யூதர் கறிக்கடையில மாட்டுக்கறி மலிவா கிடைச்சதால வந்த பழக்கம், ஊர்ல அவங்க தின்னது பன்னி. எதைத்தான் திருடப் போறீங்க நீங்க?

அயர்லாந்து அரசாங்கம் இதைப் பூட்டியும் வைக்கல. மார்ச் மாசம் வந்தா பிரதமர் கண்ணாடிக் கிண்ணத்துல ஷாம்ராக்குங்குற மூவிலைச் செடிய எடுத்துக்கிட்டு வெள்ளை மாளிகைக்குப் போயிடுவார், மந்திரிங்க ஆளுக்கொரு நாட்டுக்குக் கிளம்பிடுவாங்க. ஊரைக் கூட்டி வாங்க வாங்கங்குற வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு நான் வரலாமான்னு கேக்குறீங்க.

என் அனுபவத்துல பண்டிகைக்காரங்க வெளியாளை அவ்வளவா தடுக்குறதில்ல. கேட்டைப் பூட்டுறது சொந்தக்காரனுக்குத்தான். 1991ல நியூயார்க் மேயர் டேவிட் டிங்கின்ஸ், அந்த ஊரோட முதல் கறுப்பின மேயர். ஊர்வலத்துல முன்வரிசை மரியாதை அவருக்கு உண்டு, அவரு ஐரிஷா என்னன்னு யாரும் கேக்கல. மனுசன் முன்வரிசைய விட்டுட்டு, சொந்தப் பேனர் பிடிக்கக் கூடாதுன்னு தடுக்கப்பட்ட ஐரிஷ் ஓரினச்சேர்க்கையாளர் குழுவோட பின்னாடி நடந்தார். பீரைத் தூக்கி எறிஞ்சாங்க. பாஸ்டன்ல இன்னும் மோசம், கோர்ட்டு அந்த ஊரு ஓரினச்சேர்க்கையாளர் குழுவையும் சேத்துக்கோன்னு சொன்னதுக்கு 1994ல ஊர்வலத்தையே கேன்சல் பண்ணிட்டாங்க, அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட் ஒன்பது ஜட்ஜும் ஒரே குரல்ல, ஊர்வலம்ங்குறது கருத்து சொல்றது மாதிரி, யாரைச் சேக்கணும்னு நடத்துறவங்கதான் முடிவு பண்ணணும்னுட்டாங்க. ரெண்டு ஊர்லயும் கதவு திறக்க 2015 ஆச்சு. ஐரிஷ் அம்மா அப்பாவுக்குப் பொறந்தவன் இருபது வருஷத்துக்கு மேல ரோட்டோரம் நின்னான், நேத்து பிளைட்ல வந்து பச்சைத் தொப்பி வாங்கினவனுக்கு ஒரு தடையும் இல்ல. உரிமையப் பத்தி கேக்கணும்னா இதைக் கேளுங்க.

பேட்ரிக் அடிமையா இருந்தவர்னு சொன்னேன்ல, கரீபியன்ல மான்ட்செராட்னு ஒரு குட்டித் தீவு. அயர்லாந்துக்கு வெளிய மார்ச் 17 அரசு விடுமுறை விடுற ஒண்ணு ரெண்டு இடத்துல அதுவும் ஒண்ணு, பாஸ்போர்ட்லயே ஷாம்ராக் முத்திரை குத்துவாங்க. தோட்ட முதலாளிங்கள்ல நிறைய பேரு ஐரிஷ். 1768ல முதலாளிங்க பண்டிகைப் போதையில இருக்குற நேரமா பாத்து எழும்பணும்னு ஆப்பிரிக்க அடிமைங்க திட்டம் போட்டாங்க, விஷயம் முன்கூட்டியே கசிஞ்சு தலைவருங்களைக் கொன்னுட்டாங்க. இன்னைக்கு அங்க கொண்டாடுறவங்க அந்த அடிமைங்களோட வாரிசுங்க. பேட்ரிக்கை வச்சுக்கிட்டாங்க, கிளர்ச்சியையும் சேத்துக்கிட்டாங்க. திருட்டுன்னு அவங்க முன்னாடி போய்ச் சொல்லட்டும் யாராவது.

இப்ப மே 5. இது மெக்சிகோ சுதந்திர தினம் இல்ல, அது செப்டம்பர் 16. 1862ல கடன் பாக்கின்னு சொல்லி வந்து இறங்குன பிரெஞ்சுப் படைய மெக்சிகோக்காரங்க புவெப்லாங்குற ஊர்ல தோற்கடிச்ச நாள். மறு வருஷமே பிரெஞ்சுக்காரங்க திரும்பி வந்து ஊரைப் புடிச்சுட்டாங்கங்குறது வேற கதை. கலிஃபோர்னியாவுல இருந்த மெக்சிகோக்காரங்க அப்பவே கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க, ஏன்னா அப்ப அமெரிக்காவுல உள்நாட்டுப் போர், பிரெஞ்சு ராஜா தென்மாகாணத்துக்காரங்க பக்கம் சாயுவாரோன்னு ஒரு பயம். 1980கள்ல பீர் கம்பெனிங்க கையில எடுத்து இப்ப நீங்க பாக்குற கூத்தாக்கிடுச்சு. பீர் கம்பெனியப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்த இதழ் பத்தாது, விட்டுடுறேன்.

ஒட்டு மீசைல மட்டும் நான் அந்தப் பொண்ணு கட்சி. 1867ல தாமஸ் நாஸ்ட்னு பிரபல கார்ட்டூனிஸ்ட், செயின்ட் பேட்ரிக்ஸ் டே கலவரத்தை வரைஞ்சப்ப ஐரிஷ்காரங்களைக் குரங்கு மூஞ்சியோட கையில தடியோட வரைஞ்சார். ஊரே சிரிச்சுது, ஏன்னா அப்ப அவங்க கப்பல்ல வந்து இறங்குன பஞ்சப் பரதேசிங்க. அப்புறம் மேயரானாங்க, கென்னடி ஜனாதிபதியே ஆனார், இப்ப நீங்க பச்சைச் சட்டை போட்டா எந்த ஐரிஷ்காரனுக்கும் வேலை போகாது, வாடகை வீடு கிடைக்காமப் போகாது. மெக்சிகோக்காரனுக்கு அந்தக் கார்ட்டூன் காலம் இன்னும் முடியல. பெரிய தொப்பியும் ஒட்டு மீசையுமா நீங்க பண்ணுறது நாஸ்ட் வரைஞ்ச அதே படம்தான், பேனாவுக்குப் பதிலா பசை. அதுவும் அன்னைக்கு ராத்திரி ரெஸ்டாரன்ட் சமையல்கட்டுல தட்டு கழுவுறது எந்த ஊர்க்காரன்னு எட்டிப் பாத்துட்டு ஒட்டுங்க.

ஆக, சட்டையப் போடுங்க, மீசைய விடுங்க. கொண்டாடியே ஆகணும்னா உங்க சிகாகோவுல பில்சன் ஏரியா இருக்கு, மெக்சிகோக்காரங்க கடை நிறைய, அங்க போய் மோலே போப்லானோ கேளுங்க, புவெப்லா சமையல், காஞ்ச மிளகாயோட சாக்லேட்டும் சேத்து அரைச்ச குழம்பு, நம்ம நாக்குக்கு ஒத்துப்போகும். அந்தப் பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க. பார்க்கிங் கிடைக்கிறதுதான் கஷ்டம்.